எண் அமைப்பையும் கோவையையும் கைவேலை வழியாகச் சொல்லித்தருவது எப்படி?

தக்கலைப் பக்கம் மாலையில் டியூஷன் எடுக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது: "ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். கூட்டல், பெருக்கல் எல்லாம் நன்றாகப் போடுகிறார்கள். கணக்கில் எழுத்து வந்ததும் விழிக்கிறார்கள். எதையாவது செய்யவைத்து, டிசைன் போடவைத்து எண் அமைப்பையும் இயற்கணிதக் கோவையையும் புரியவைக்க முடியுமா? அதிகம் செலவு பண்ண முடியாது."

முடியும். செலவும் பெரிதாக வராது. குமரி மாவட்டத்தில் தென்னைக்கும் பூவுக்கும் கோலத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கைவேலை செய்தாலே கணக்கு வந்துவிடாது. சார்ட் பேப்பரில் ஜிகினா ஒட்டி அழகாகச் செய்து கொண்டுவந்த பிள்ளைக்கு, அந்த வேலையில் எங்குமே கணக்கு தேவைப்படாமல் போயிருக்கலாம். செய்கிற பொருளே ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும்: இதே டிசைனை இன்னும் பெரிதாகச் செய்தால் எத்தனை வேண்டும்? இதுவரை செய்து பார்க்காத அளவுக்கு முன்கூட்டியே பொருள் எடுத்து வைக்க வேண்டிய கட்டாயம் வந்தால்தான் பிள்ளை ஒரு விதியைத் தேடும். கோவை என்பது அந்த விதிதான். தான் எப்படி எண்ணினோம் என்பதை ஒரு பிள்ளை சுருக்கமாக எழுதி வைப்பதுதான் அது. இது பிடிபட்ட பிள்ளைக்கு எழுத்தைக் கண்டு பயம் வராது.

ஈர்க்கிலில் தொடங்குங்கள். பாடப்புத்தகத்தில் தீக்குச்சி இருக்கும். ஈர்க்கிலைத் துடைப்பத்திலிருந்து உருவி ஒரே நீளத்தில் நறுக்கிக்கொள்ளலாம், வேண்டிய அளவு கிடைக்கும். ஒரு சதுரம் வைக்க 4 துண்டு. அதை ஒட்டி அடுத்த சதுரம் வைத்தால் நடுவில் உள்ள துண்டு இரண்டுக்கும் பொது, ஆகவே 3 போதும். இப்படியே வரிசையாக வைத்தால் ஒரு வேலி மாதிரி நீளும்: 4, 7, 10, 13. ஐந்து சதுரம் வரை அவர்களே வைக்கட்டும். அப்புறம் சொல்லுங்கள்: "20 சதுரம் உள்ள வேலி கட்ட வேண்டும். எத்தனை துண்டு வேண்டும் என்று எழுதித் தா. ஒரு தடவைதான் எண்ணித் தருவேன். மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது."

இங்கே மூன்று விதமான பதில் வரும். ஒரு பிள்ளை 80 என்று சொல்லும். பொதுத் துண்டை மறந்து 4-ஐ 20-ஆல் பெருக்கியிருக்கிறது. இன்னொரு பிள்ளை 62 என்று சொல்லும்; 10 சதுரத்துக்கு 31 என்று சரியாகக் கண்டுபிடித்து, 20-க்கு அதை இரட்டித்திருக்கிறது. இந்த இரண்டாவது தவறு மிகவும் பரவலானது, நல்ல மாணவர்களிடமும் வரும். தப்பு என்று சொல்லி அழிக்காதீர்கள். 10 சதுர வேலி இரண்டைத் தனித்தனியாகக் கட்டச் சொல்லி, இரண்டையும் பக்கவாட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். சேருமிடத்தில் இரண்டு ஈர்க்கில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். ஒன்றை எடுத்துவிட வேண்டும். 62 ஏன் 61 ஆனது என்பதை அந்தப் பிள்ளையின் கையே சொல்லிவிடும்.

61 என்று சரியாகச் சொன்னவர்களிடம்தான் முக்கியமான வேலை இருக்கிறது. "எப்படி எண்ணினாய்?" என்று கேளுங்கள். ஒருவர் முதல் சதுரத்துக்கு 4, மீதி 19 சதுரத்துக்கு மூன்று மூன்றாக என்பார்: 4 + 3 × 19. ஒருவர் முதலில் ஒரு துண்டை நட்டுவிட்டு ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று சேர்த்திருப்பார்: 1 + 3 × 20. இன்னொருவர் மேலே 20, கீழே 20, நிற்பவை 21 என்று பிரித்திருப்பார்: 20 + 20 + 21. தனித்தனிச் சதுரமாக எண்ணிவிட்டு இரட்டையாக வந்ததைக் கழித்தவர் 4 × 20 − 19 என்று எழுதுவார். நான்கையும் பலகையில் அப்படியே எழுதுங்கள். உடனே கூட்டிப் பெருக்கி 61 என்று சுருக்க விடாதீர்கள். சுருக்கினால் எண்ணிய விதம் மறைந்துவிடும். ஒவ்வொன்றும் வேலியை எப்படிப் பார்க்கிறது என்று வண்ணப் பென்சிலால் படத்தில் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு 20-ஐ எடுத்துவிட்டு 50 போடுங்கள், 100 போடுங்கள். வரியில் எந்த எண் மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று கேளுங்கள். மாறுவது மாறி. அதற்கு ஓர் எழுத்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல இதுதான் நேரம். பாடப்புத்தகத்தில் ஆங்கில எழுத்து வரும். இங்கே நான் 'ந' என்று எழுதுகிறேன். 1 + 3ந, 4 + 3(ந − 1), ந + ந + (ந + 1), 4ந − (ந − 1). நான்கு பிள்ளைகள், நான்கு கோவைகள், ஒரே வேலி. கோவைகளைச் சுருக்கினால் எல்லாம் 3ந + 1 ஆகும் என்று பிறகு சொல்லித்தரும்போது, அது ஆசிரியர் சொன்ன விதியாக இருக்காது. ஒரே வேலியை எண்ணியவை வேறாக வர முடியாது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

4 + 3(ந − 1) என்பதை 7(ந − 1) என்று சுருக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. "ந-க்கு 1 போடு" என்று மட்டும் சொல்லுங்கள். 7 × 0, பூஜ்யம் வரும். ஒரு சதுரம் வைக்க ஈர்க்கிலே வேண்டாமா? பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். சிறிய எண் போட்டுச் சோதிக்கும் இந்தப் பழக்கம் பத்தாம் வகுப்பு வரை கைகொடுக்கும்.

இந்த இடத்தில் அட்டவணை பற்றி ஒரு வார்த்தை. பல புத்தகங்கள் முதலிலேயே ஓர் அட்டவணை போட்டு, சதுரம் 1, 2, 3, குச்சி 4, 7, 10 என்று நிரப்பச் சொல்லும். அட்டவணை வந்ததும் பிள்ளை படத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்க்கத் தொடங்கும். "மூன்று மூன்றாகக் கூடுகிறது" என்பதோடு நின்றுவிடும். ஐம்பதாவதற்கும் நாற்பத்தொன்பது தடவை கூட்டிக்கொண்டே போகும். அட்டவணை வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணும் விதத்தை வாயால் சொல்லிய பிறகு, சரிபார்க்கப் போடுங்கள்.

அடுத்தது பூ. தோவாளைப் பூச்சந்தை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது; புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலையைப் பிள்ளைகள் கோயிலிலோ கல்யாணத்திலோ பார்த்திருப்பார்கள். அந்த மாலை கட்டுகிறவரின் கைத்திறனை வகுப்பில் கொண்டுவர முடியாது. வெள்ளை, சிவப்பு, பச்சை மாறி மாறி ஒழுங்காக வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாலையில் சேரும் அரளி நச்சுச் செடி. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். குன்றிமணியும் அப்படியே, அதைத் தொடவே விடாதீர்கள். மணிகோக்க வண்ணக் காகிதச் சுருளோ, துண்டாக நறுக்கிய உறிஞ்சுகுழலோ போதும்.

சிவப்பில் தொடங்கி, இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை என்று போய்ச் சிவப்பிலேயே முடியும் ஒரு சரம் கோக்கச் சொல்லுங்கள். வெள்ளை ஜோடி ந தடவை வந்தால் வெள்ளை 2ந, சிவப்பு ந + 1. மொத்தம் 3ந + 1. இதை எழுதி முடித்ததும் யாராவது ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்: "இது ஈர்க்கில் வேலிக்கு வந்ததுதானே!" வரவில்லை என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேலியும் சரமும் பார்க்க வேறு, அமைப்பு ஒன்று. இயற்கணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அதே சரத்தை வைத்து "ஐம்பதாவது என்ன நிறம்?" என்று கேளுங்கள். 1, 4, 7, 10 ஆகிய இடங்களில் சிவப்பு, அதாவது மூன்றால் வகுத்தால் மீதி 1 வரும் இடங்கள். 50-ஐ மூன்றால் வகுத்தால் மீதி 2, வெள்ளை. அப்புறம் சரத்தின் இரு முனையையும் சேர்த்து வட்டமாகக் கட்டச் சொல்லுங்கள். இப்போது சிவப்பு இரண்டு ஒட்டி நிற்கும், ஒன்றை உருவ வேண்டும். வட்டமானதும் ந + 1 வெறும் ந ஆகிவிடுகிறது. இந்த ஒன்று கூடுவதும் குறைவதும்தான் பிள்ளைகள் நிறையத் தடுமாறும் இடம். இன்னும் பழக்க வேண்டுமானால் மாத்தூர் தொட்டிப்பாலத்தை அட்டையில் செய்யலாம். 28 தூண்கள்மேல் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் போகிறது. உயரமான இடத்தில் 115 அடி. மாதிரியில் இரண்டு முனையையும் புத்தக அடுக்கின்மேல் வைத்தால் தூண்களைவிட இடைவெளி ஒன்று கூடும். புத்தகத்தை எடுத்துவிட்டு முனைகளிலும் தூண் நிறுத்தினால் ஒன்று குறையும். செய்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பூ வைத்துச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. 3ப என்பதை "மூன்று பூ" என்று படிக்க விடாதீர்கள். எழுத்து பொருளின் சுருக்கப் பெயர் என்று பிள்ளை நினைத்துக்கொண்டால், பிறகு ப = 5 என்று வரும்போது குழம்பிப் போகும். எழுத்து நிற்பது ஓர் எண்ணுக்காக: எத்தனை ஜோடி, எத்தனை சதுரம், எந்த அளவு. அதனால்தான் பொருளின் முதலெழுத்தை மாறியாக வைக்காமலிருப்பது நல்லது என்பேன். "ஆப்பிளுக்கு ஓர் எழுத்து, வாழைப்பழத்துக்கு ஓர் எழுத்து" என்று தொடங்கும் பாடம் அன்றைக்கு எளிதாகத் தெரியும்; ஏழாம் வகுப்பில் அதை மறக்கவைக்கப் பெரும்பாடு படவேண்டும்.

ஓணத்துக்கு நம் பக்கத்தில் அத்தப்பூ போடுகிறோமே, அதில் ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. வழக்கமான வட்டக் களத்துக்குப் பதில், தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். நடுவில் ஒரு பக்கத்துக்கு ந கட்டம் உள்ள சதுரம், கட்டத்துக்கு ஒரு வாடாமல்லி. அதைச் சுற்றி ஒரே ஒரு வரிசை மஞ்சள் கிரேந்தி (செண்டுமல்லி). பூ இல்லாத நாளில் புளியங்கொட்டையும் மஞ்சாடியும் போதும். சுற்று வரிசைக்கு எத்தனை கிரேந்தி? நாலு பக்கத்துக்கும் ந, மூலைக்கு 4 சேர்த்து 4ந + 4 என்று ஒருவர் சொல்வார். ஒரு மூலையில் தொடங்கி அடுத்த மூலைக்கு முன் நிறுத்தி, நாலு தடவை சுற்றுகிறவர் 4(ந + 1) என்பார். மேலும் கீழும் முழு வரிசை, பக்கத்தில் மிச்சம்: 2(ந + 2) + 2ந. முழுச் சதுரத்தைப் போட்டு நடுவை எடுக்கிறவர்: (ந + 2)² − ந². 4(ந + 2) என்று சொல்கிறவர் மூலைகளை இரண்டு தடவை எண்ணியிருக்கிறார். அவரைத் தன் விதப்படியே பூ வைக்கச் சொன்னால் மூலையில் வைக்க இடமில்லாமல் கையில் நாலு பூ மிஞ்சும்.

இங்கிருந்து சமன்பாட்டுக்கு ஓர் எட்டுதான். "50 கிரேந்தி இருக்கிறது. எவ்வளவு பெரிய களம் போடலாம்?" 4ந + 4 என்பது 50-ஐத் தாண்டக்கூடாது. ந = 11 என்றால் 48, இரண்டு மிஞ்சும். நடுவுக்கு வாடாமல்லி 121 வேண்டும் என்றதும் பிள்ளைகள் அதிர்ந்து போவார்கள். ஓரம் நான்கு நான்காகக் கூடும்போது நடு எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதை அந்தப் பூக்கணக்கே காட்டிவிடும்.

கோலத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இதில் எடுக்க எடுக்க வரும். கோல நோட்டில் "7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி" என்று எழுதியிருப்பதே ஒரு கட்டளைதான். வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. கோலப்பொடி வாங்க வேண்டாம், புள்ளி மட்டும் போதும். மொத்தம் 7 + 2 × (5 + 3 + 1), அதாவது 25. இப்போது தலையைச் சாய்த்து மூலைவிட்டமாகப் பார்க்கச் சொல்லி, சாய்வு வரிசைகளை மாற்றி மாற்றி இரண்டு வண்ணத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நாலுக்கு நாலு சதுரம் ஒன்றும் அதன் இடுக்குகளில் மூன்றுக்கு மூன்று சதுரம் ஒன்றும் தெரியும்: 16 + 9. ஐந்து புள்ளிக் கோலத்தில் 9 + 4, ஒன்பதில் 25 + 16. பெரிய சதுரத்தின் ஒரு பக்கத்தில் ந புள்ளி என்றால், ந² + (ந − 1)² என்பது படத்திலேயே இருக்கிறது. சாய்ந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை, தெரிந்த பிறகு மறைக்கவும் முடிவதில்லை.

இடைப்புள்ளி வேறு உலகம்; அதில் ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வரும். மார்கழியில் பெண்கள் வாசலில் போடும் "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" எத்தனை புள்ளி? நடுவில் 15, மேலும் கீழும் 14 முதல் 8 வரை: 15 + 2 × (14 + 13 + 12 + 11 + 10 + 9 + 8) = 169. வரிசையாக எண்ணாமல் நடுப்புள்ளியைத் தனியே விட்டால், சுற்றிலும் ஆறு ஒரேமாதிரி முக்கோணங்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் 1 + 2 + 3 + 4 + 5 + 6 + 7, அதாவது 28 புள்ளி. 1 + 6 × 28 = 169. சின்ன அளவில் தொடங்குங்கள்: 3 புள்ளி 2 வரை என்றால் 7, 5 புள்ளி 3 வரை 19, 7 புள்ளி 4 வரை 37. ஒவ்வொரு தடவையும் ஒரு வளையம் சேர்கிறது: 6, 12, 18. ஆர்வமான பிள்ளை இருந்தால் 1, 7, 19, 37 ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 1, 8, 27, 64 வரும், எல்லாம் கன எண்கள். காரணமும் காட்டலாம்: நாலுக்கு நாலுக்கு நாலு கனச்சதுரத்தை ஒரு மூலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் சின்னக் கட்டைகள் 37, அவற்றை எடுத்துவிட்டால் உள்ளே மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று மிஞ்சும்.

சிக்குக் கோலத்திலும் ஒன்று உண்டு. புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே எல்லா இடத்திலும் கம்பி குறுக்கே கடக்கும்படி இழுத்தால், எத்தனை தனித்தனிக் கம்பிகள் வரும்? 2-க்கு 3 என்றால் ஒரே கம்பி. 3-க்கு 3 என்றால் மூன்று. 4-க்கு 6 என்றால் இரண்டு. அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான் விடை. கையை எடுக்காமல் போட்டு முடிக்க எந்த அளவு எடுக்கலாம் என்று பிள்ளைகளே தேடட்டும். கோலம் வெறும் பொழுதுபோக்கு என்று வீட்டில் யாராவது சொன்னால், 1970-களிலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் கோலம் போடும் முறையைக் கணினிக்கான இலக்கண விதிகளாக எழுதி ஆராய்ந்தார்கள் என்று சொல்லுங்கள்.

எழுத்து இல்லாத எண் கோவைக்கும், அடைப்புக்குறிக்கும் தனியாக ஒரு வேலை வேண்டும். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பொருத்தமானது. ஐந்து முனை நட்சத்திரக் கூட்டுக்கு முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து நீள மூங்கில் குச்சி, இரண்டையும் தள்ளிப் பிடிக்க ஐந்து குட்டைக் குச்சி. நீளக் குச்சி 3 ரூபாய், குட்டை 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு நட்சத்திரத்துக்கு 8 × (10 × 3 + 5 × 1) = 280 ரூபாய். அடைப்பை விட்டுவிட்டு 8 × 10 × 3 + 5 × 1 என்று போட்டவருக்கு 245 வரும். குறைந்த 35 எங்கே போனது? ஏழு நட்சத்திரங்களுக்குக் குட்டைக் குச்சியே வாங்கவில்லை. அடைப்புக்குறி எதற்கு என்ற கேள்விக்கு இதுவே போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் திருவள்ளுவர் சிலையை ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அட்டையில் செய்யலாம். பீடம் 38, சிலை 95, மொத்தம் 133. கிட்டத்தட்ட அவர்கள் உயரமே வரும். பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரம், சிலை பொருளுக்கும் இன்பத்துக்கும் 70 + 25. குறள் எத்தனை என்பதை 10 × (38 + 70 + 25) என்றும் 380 + 700 + 250 என்றும் இரண்டு விதமாக எழுதவைத்தால் பங்கீட்டுப் பண்பு வந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு டிசைன் போதும். இரண்டு இரண்டு பேராக உட்காரவையுங்கள்; மூன்று பேர் என்றால் ஒருவர் சும்மா இருந்துவிடுவார். செய்வதற்குப் பாதி நேரம் என்றால் பேசுவதற்குப் பாதி நேரம் கட்டாயம் வேண்டும். நேரம் போதவில்லை என்றால் அலங்காரத்தைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள். ஒருவர் எழுதிய கோவையை இன்னொரு ஜோடியிடம் கொடுத்து, "இவர் எப்படி எண்ணியிருப்பார், படத்தில் காட்டு" என்று கேட்பது நான் மிகவும் நம்பும் பயிற்சி. 2(ந + 2) + 2ந என்ற வரியைப் பார்த்து அந்த நாலு பட்டைகளையும் விரலால் காட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கோவையைப் படிக்கத் தெரிந்துவிட்டது.

இவை எல்லாம் முடிந்த பிறகு வேலையைத் திருப்பிப் போடுங்கள். டிசைனைக் கொடுத்துக் கோவை கேட்பதற்குப் பதில், கோவையைக் கொடுத்து டிசைன் கேளுங்கள். 5ந + 2 என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். ஈர்க்கிலோ மணியோ புள்ளியோ, அவர்கள் விருப்பம். முதல், இரண்டாம், மூன்றாம் அளவைச் செய்துகாட்ட வேண்டும். 5 எங்கே இருக்கிறது, 2 எங்கே இருக்கிறது என்று தொட்டுச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு முனையிலும் கொக்கி வைத்து நடுவில் ஐந்து ஐந்து மணியாகக் கோக்கும். ஒன்று ஐந்து இதழ்ப் பூக்களை வரிசையாக வைத்து, ஓரத்தில் இரண்டு இலை ஒட்டும். ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு இலை வைத்துக் கொண்டுவரும் பிள்ளையும் இருக்கும். அதனிடம் இரண்டாவது அளவில் எத்தனை துண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 14 வரும், கோவையோ 12 என்கிறது. அதன் டிசைன் 7ந-க்கு உரியது என்று அதுவே சொல்லும். 5ந + 2 ஆக மாற்ற எந்த இலைகளை எடுக்க வேண்டும் என்பதையும் அதையே முடிவு செய்ய விடுங்கள்.